குணமாக மறுத்த அக்கா

போளூருக்கும் மலைக்கும் ஓடும் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்த காலத்தில், முன் வாசலை ஒட்டிய ஜன்னல் சீட்டு ஒரு அக்காவுக்குச் சொந்தமாக இருந்தது. பட்டா கிடையாது, ரிசர்வேஷன் கிடையாது, மாசத்துக்கு ஒரு நாள்தான் வருவார். ஆனால் அந்த ஒரு நாள் அங்கே யார் உட்கார்ந்திருந்தாலும் எழுந்தாக வேண்டும். ஜீப் ரிப்பேராகி நின்றுபோன வனத்துறை அதிகாரி ஒருவர் ஒருமுறை யூனிபாரத்தோடு அதில் உட்கார்ந்துவிட்டார். அக்கா ஏறினார், பார்த்தார்.

"காடு பூரா உங்களுதுன்னு சொல்றீங்க, சரி. இந்த சீட்டு என்னுது. எழுந்துருங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பைக்குள் கையை விட்டுச் சில்லறை தேடினேன். வளைவுகள் முடியும் வரை அவர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார்.

இன்னொரு நாள் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ஏறினாள். பஸ்ஸே அக்காவைப் பார்த்தது. அக்கா பக்கத்தில் இருந்தவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"புள்ளத்தாச்சி நிக்குது, கண்ணு தெரியல? எழுந்துரு."

"நீங்க எழுந்துருங்களேன்."

"இது என்னுதுடா. உன்னுது வெறும் டிக்கெட்டு சீட்டு."

இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அவன் எழுந்துவிட்டான்.

அக்காவின் பெயரைச் சொல்ல மாட்டேன். "என் பேர எடுத்துக்கினு போய் எவங்கிட்ட வித்த?" என்று கேட்பார். நான் வேலையை விட்டு இத்தனை நாள் ஆகியும் அந்தக் குரலுக்குப் பயம் இருக்கிறது. தன்னுடையது எதுவோ அதை அவர் விட்டுக் கொடுக்க மாட்டார். அவரிடம் ஒரு பலாமரம் இருந்தது. அதிலிருந்து ஒரு பழத்தைக் குரங்கு கிழித்துத் தின்றுவிட்டது என்று மலை உச்சியிலிருந்து போளூர் வரை அந்தக் குரங்கைத் திட்டிக்கொண்டே வந்திருக்கிறார். அதன் அம்மா, தங்கை, சொந்தபந்தம் ஒன்றையும் விடவில்லை. நடுவில் ஒருவர், "குரங்குதானே, விடும்மா" என்று சொல்லித் தொலைத்தார். மீதி வழி முழுக்க அவருக்கு.

புருஷன் காபித் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டு வந்து செத்துப்போனவர். அவரைப் பற்றி அக்கா பேசும்போது அழமாட்டார்.

"வூட்டுக்காரரு எனக்கு வுட்டுட்டுப் போனது ரெண்டே ரெண்டு. ஒண்ணு பலாமரம். இன்னொண்ணு எச்.ஐ.வி. ரெண்டும் என்னுது. ரெண்டையும் எவனுக்கும் தரமாட்டேன்."

இதை அவர் ரகசியமாகச் சொல்லவில்லை. ஓடும் பஸ்ஸில், என்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னார். கீழே ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்க வருகிறவர்களில் சிலர் முகத்தை மூடிக்கொண்டு, பல்வலி என்று சொல்லி டிக்கெட் எடுப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஊர் வாய் அப்படி. அக்காவோ ஏறும்போதே, "கண்டக்டரு, எச்.ஐ.வி. மாத்திரைக்கு ஒரு டிக்கெட்டு" என்பார்.

அந்த சீட்டில் அவரை முதல்முதலாக உட்கார வைத்தது நான்தான். அன்றைக்கு அவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து ஏற்றினார்கள். புடவைக்குள்ளே ஆள் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் புண். வழியில் வாந்தி எடுப்பார், ஜன்னலோரம் இருக்கட்டும் என்று உட்கார வைத்தேன். திரும்பி வரமாட்டார் என்றே நானும் டிரைவரும் பேசிக்கொண்டோம். திரும்பி வந்தார். அடுத்தடுத்த மாதங்களில் கன்னத்தில் சதை வைத்தது, பிறகு குரல் வந்தது. அதற்கப்புறம் சீட்டை வாங்கிக்கொள்ள எவனாலும் முடியவில்லை.

ஒரு நாள் பின்சீட்டில் குடித்துவிட்டு வந்த ஒருத்தன், இடம் கிடைக்காத கடுப்பில், "எய்ட்ஸ்காரிக்குப் போய் ஜன்னல் சீட்டா" என்று முனகினான். முனகியது அவனுக்கே கேட்டிருக்காது. அக்காவுக்குக் கேட்டது.

"இன்னாடா சொன்ன? எய்ட்ஸா? எனக்கு எய்ட்ஸ் இல்லடா, எச்.ஐ.வி."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"உனக்கு எல்லாம் ஒண்ணுதான். டேய், சாமை வெதச்சிருக்கியா? வேலி போட்டிருக்கியா? எச்.ஐ.வி.ன்றது வேலியப் புடுங்கறவன். தெனம் ஒரு குச்சியப் புடுங்குவான். சும்மா வுட்டுட்டா வருசக்கணக்குல புடுங்குவான், உனக்குத் தெரியவே தெரியாது. வேலி பூரா போயி, பன்னி, முயலு, மாடு எல்லாம் உள்ள பூந்து மேயுது பாரு, அந்த நெலம்தான் எய்ட்ஸு. எனக்கு அந்த மாதிரி ஒரு தடவ ஆச்சு. இந்தா, இந்தக் கண்டக்டர கேளு. மாத்திரை போட்டு மறுபடி வேலி கட்டிட்டேன். புடுங்கறவன் இன்னும் உள்ளதான் இருக்கான், கைய கட்டி உக்கார வச்சிருக்கேன். இன்னொரு தடவ எய்ட்ஸ்னு சொல்லு, உன் பல்லுக்கு வேலி இருக்காது."

அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். அவன் ஊர் அது இல்லை.

குணமாகுமா ஆகாதா என்ற பேச்சும் ஒருமுறை வந்தது. மலைப்பள்ளிக்கு வரும் வாத்தியார் ஒருவர் போனைப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு நல்ல சேதி. வெளிநாட்டுல சிலபேருக்கு இது முழுசா போயிடுச்சாம்" என்றார். அக்கா உஷாராகிவிட்டார்.

"எப்டி போச்சாம்?"

"அவங்களுக்கு ரத்தப் புற்றுநோய் இருந்துச்சு. அதுக்காக எலும்பு மஜ்ஜைய மாத்தினாங்க. வேற ஒருத்தரோட மஜ்ஜை. அதோட இதுவும் போயிடுச்சு. ஆனா உயிருக்கே ஆபத்தான வைத்தியம், எல்லாருக்கும் பண்ண முடியாதுன்னு போட்டிருக்கு."

அக்கா ஒவ்வொரு விரலாக மடக்கினார்.

"அப்ப நானு மொதல்ல கேன்சர் வாங்கணும். அப்புறம் எவனோ ஒருத்தன் எலும்ப வாங்கணும். வேணாம் சார். இருக்கறதே போதும்."

இப்படிப்பட்டவர் ஒரு நாள் போளூரில் பஸ் ஏறும்போது சிரித்துக்கொண்டே ஏறினார். காலையில் கீழே இறங்கும்போது ஒரு முழுப் பலாப்பழத்தை விற்கக் கொண்டுவந்திருந்தார். அதை விற்கவில்லை. ரத்தத்தில் கிருமியின் அளவைப் பார்க்கும் பரிசோதனை முடிவு வந்திருந்தது. "தெரியலையாம்! கிருமி கண்ணுக்கே தெரியலையாம்!" என்று கத்தினார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். பழத்தைப் பஸ்ஸிலேயே அறுத்து எல்லோருக்கும் சுளை கொடுத்தார். குரங்குக்கே கொடுக்காதவர்.

பாதிப்பேர் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்கள். அக்கா கவனித்துவிட்டார். "தின்னுங்கய்யா. இதுல எச்.ஐ.வி. வராது. ஒட்டறது பலாப்பால் மட்டும்தான்." முதலில் தின்றது டிரைவர். கொள்கையெல்லாம் இல்லை, அவர் எது கொடுத்தாலும் தின்பார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தின்றார்கள். யாரோ ஒருத்தர் போனில் அக்காவைப் படம் எடுத்தார். வாயெல்லாம் பல்லாக, மடியில் பாதிப் பழத்தோடு அக்கா இருந்தார்.

அந்தப் படம் என்ன ஆனது என்பது பிறகு தெரிந்தது. மேலே சந்தை கூடும் ஒரு நாள், காலி பஸ்ஸோடு கீழே இறங்குவதற்காகச் சந்தை முனையில் நின்றிருந்தோம். அக்கா மாத்திரைக்குப் போக ஏறி, தன் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். எதிரே புளியமரத்தில் பெரிய பிளெக்ஸ் கட்டியிருந்தது. அதில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார், ஆளுயரத்துக்கு. மடியில் பலாப்பழம். மேலே, "எய்ட்ஸ் பூரண குணம்! மூலிகையின் மகிமை!" கீழே இன்னும் பல நோய்கள், சர்க்கரை, மூலம், பிள்ளையில்லாக் குறை. கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து சந்தைக்கு வரும் மூலிகை வைத்தியர் ஒருவரின் விளம்பரம் அது. ஐந்து தலைமுறை வைத்தியம் என்று போட்டிருந்தது. நானறிந்த முந்தின தலைமுறை பாத்திரக்கடை வைத்திருந்தது.

"கண்டக்டரு, பஸ்ஸ எடுக்காத" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கினார். டிரைவர் ஏற்கெனவே டீக்கடையில் இருந்தார். வேடிக்கை பார்க்கிற ஆசையில் நானும் பின்னாலேயே போனேன்.

வைத்தியர் மரத்தடியில் பாட்டில்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கூட்டம்.

"யோவ், இது யாரு மூஞ்சி?"

வைத்தியர் நிமிர்ந்தார். அனுபவசாலி. துளியும் அசரவில்லை. "வாங்கம்மா! உங்களைத்தான் இவங்களுக்கு சொல்லிக்கினு இருந்தேன். பாருங்கய்யா, சாட்சியே நேர்ல வந்துடுச்சு!"

"உன்கிட்ட ஒரே ஒரு பாட்டில் வாங்குனேன், ஆரம்பத்துல. மூணு நாளு கொல்லையிலயே குடியிருந்தேன். மாத்திரை முழுங்குனது நானு. கசப்பு என்னுது, மயக்கம் என்னுது, பஸ்ஸு ஏறி எறங்கி அலைஞ்ச காலு என்னுது. பேரு மட்டும் உனக்கா?"

அதுவரை எனக்கு இது இன்னொரு குரங்குச் சண்டையாகத்தான் தெரிந்தது. அப்போதுதான் அக்கா கூட்டத்துக்குள் ஒருத்தனைப் பார்த்தார். வைத்தியரை அப்படியே விட்டுவிட்டு அவனிடம் போனார்.

போர்வெல் லாரியில் வடநாட்டுப் பக்கம் வேலைக்குப் போய்வந்த பையன் அவன், அக்காவுக்குப் பக்கத்து ஊர்க்காரன். அவனுக்கும் எச்.ஐ.வி. இருந்தது. அவனை முதல்முறை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனதே அக்காதான். அவன் பொண்டாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் டெஸ்ட் எடுக்க வைத்து, ரெண்டு பேருக்கும் இல்லை என்று தெரிந்த அன்றைக்குப் பஸ்ஸில் பாட்டுப் பாடினார். சகிக்கவில்லை. கொஞ்ச மாதமாக அவன் பஸ்ஸில் வரவில்லை. மறுபடி லாரிக்குப் போயிருப்பான் என்று நினைத்திருந்தோம். இப்போது கையில் வைத்தியரின் பாட்டிலோடு நின்றான். சட்டை தோளில் தொங்கியது. இருமினான், இருமி முடிக்க முடியாமல் குனிந்துகொண்டான். பக்கத்தில் பொண்டாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"டேய் தம்பி. மாத்திரை போடற இல்ல?"

அவன் பாட்டிலைப் பின்னால் மறைத்தான். பொண்டாட்டிதான் சொன்னாள். "வுட்டுட்டாருக்கா. உனக்கு இந்த மருந்துல போயிடுச்சுன்னு வைத்தியரு சொன்னாரு. நீயும் பஸ்ஸுல சொன்னியாம், கிருமி இல்லன்னு. பழமெல்லாம் குடுத்தியாமே."

அக்கா பிளெக்ஸில் இருந்த தன் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். 

"எனக்குப் போவல" என்றார். "எங்கிட்டதான் இருக்கு. எனக்கு அது இன்னும் இருக்கு."

இதற்கு எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. ரெண்டு பேர் ரெண்டு விதமாகச் சொன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்ய வேண்டும். ஆடு காணாமல் போனாலும், வரப்பு நகர்ந்தாலும் அதுதான் கோர்ட். யார் முதலில் அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்கிறாரோ அவர் சொல் நிற்கும். கூட்டத்தில் ஒரு பெரியவர் கற்பூரத்தைக் கொண்டுவந்துவிட்டார். வைத்தியர் யோசிக்கவே இல்லை. "இந்தம்மாவுக்கு என் மருந்துதான் கொணமாக்குச்சு, இது சாமி சத்தியம்" என்று படக்கென்று உள்ளங்கையால் அணைத்தார். அவர் அதை மென்று முழுங்கச் சொன்னாலும் முழுங்கியிருப்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ஆஸ்பத்திரியும் இல்லன்னு சொல்லுது, சத்தியமும் ஆயிடுச்சு. நீ எதுக்கு இருக்கு இருக்குன்னு அடம்புடிக்கற?" என்று பெரியவர் அக்காவையே கேட்டார். நோய் இல்லை என்று சாதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இருக்கிறது என்று சாதிக்க ஒரு மனுஷி சந்தையில் ஆள் தேடிக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சந்தைக் கோடியில் எச்.ஐ.வி. பரிசோதனை வண்டி நின்றிருந்தது. அரசாங்க வண்டி, எப்போதாவது வரும். அக்கா கண்ணில் அது பட்டதும் வைத்தியரின் கையைப் பிடித்தார். இன்னொரு கையில் அந்தப் பையன். இரண்டு பேரையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார், பின்னால் சந்தையே போனது.

வண்டியில் இருந்த நர்ஸம்மா பதறிப்போனார். "அம்மா, இதெல்லாம் ரகசியமா, தனியாதான் பாக்கணும்."

"எனக்கு இன்னா ரகசியம்? குத்தும்மா."

"உள்ள வாங்க. முடிவ உங்ககிட்ட மட்டும்தான் சொல்வேன். நீங்க யார்கிட்ட சொல்றீங்களோ அது உங்க இஷ்டம்."

கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரம் எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். நானும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன், சாமி, அந்தம்மாவுக்கு எச்.ஐ.வி. இருக்கட்டும் என்று. அப்படி ஒரு வேண்டுதலை அந்தச் சாமியும் கேட்டிருக்காது.

கதவு திறந்தது. அக்கா படியில் நின்று இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ரெண்டு கோடு! ரெண்டு கோடுய்யா! இருக்குது! எங்கயும் போவல, எங்கிட்டயேதான் இருக்குது!"

பின்னால் நின்ற ஒரு கிழவி, "இந்த வயசுல மாசமாவா இருக்கா?" என்று கேட்டாள். அக்காவுக்கு அன்றைக்குத் திட்டவும் மனம் வரவில்லை. வைத்தியரைப் படியில் ஏற்றி கோடு விழுந்த டெஸ்ட் பட்டையைப் பார்க்க வைத்தார். பிறகு பெரியவரை. பிறகு பையனை.

"அப்ப ஆஸ்பத்திரில தெரியலன்னாங்களே" என்றான் அவன் மெதுவாக.

நர்ஸம்மா கதவருகே வந்து சொன்னார். "மாத்திரை சாப்பிடறவரைக்கும் கிருமி, அளவு பாக்கற டெஸ்ட்ல தெரியாத மாதிரி அடங்கிக் கிடக்கும். அது ரொம்ப நல்லது. அவங்களுக்கும் ஒண்ணும் ஆகாது, படுக்கையில அடுத்தவங்களுக்கும் போகாது. ஆனா உடம்புல பதுங்கித்தான் இருக்கும். மாத்திரைய விட்டா எழுந்து வந்துடும். இந்த டெஸ்ட் கிருமியப் பாக்கறதில்ல. அத எதிர்க்க உடம்பு உண்டாக்கி வச்சிருக்கறதப் பாக்குது. அது மறையாது."

பையன் பாட்டிலைப் படியில் வைத்தான். பொண்டாட்டி அதை எடுத்து வைத்தியர் கையிலேயே கொடுத்தாள். "இந்தா, உன் சத்தியம்" என்றாள். அக்காவோடு பழகிய பழக்கம்.

வைத்தியர் எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை. பிளெக்ஸை விட்டுவிட்டுப் போய்விட்டார். அக்கா யாரிடமோ கொடுவாள் வாங்கி, தன் படத்தை மட்டும் அறுத்து எடுத்துச் சுருட்டிக்கொண்டார். நோய்ப் பட்டியல் மட்டும் மரத்தில் தொங்கியது. பின்னாளில் அவர் வீட்டுக் கோழிக்கூண்டின் மேலே அந்தப் படம் மழைக்கு மறைப்பாகக் கிடந்தது. கோழிகளுக்கு மேலே அக்கா சிரித்துக்கொண்டே இருந்தார்.

நாங்கள் பஸ்ஸுக்குத் திரும்பியபோது சந்தைக் கூட்டம் ஏறி நிரம்பியிருந்தது. அந்த ஜன்னல் சீட்டு மட்டும் காலி. யாருக்கும் தைரியமில்லை. பையன் படியில் கால் வைத்தவன் மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டான். அக்கா அவனைத் தூக்கி நிறுத்தி, அந்த சீட்டில் உட்கார வைத்தார். ஜன்னல் பக்கம்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"இன்னாத்துக்கு எல்லாம் என் மூஞ்சியப் பாக்கறீங்க? வாந்தி எடுப்பான், அதான். இது என்னுதுதான். இவனுக்கு நானா குடுத்திருக்கேன்."

அத்தனை வளைவிலும் அக்கா கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். மற்றொரு கை அவன் தோளில் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து இடம் கொடுத்தபோது பொண்டாட்டியை உட்கார வைத்தார். போளூர் வந்ததும் என்னிடம், "பொழைப்பானா கண்டக்டரு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். "நானு பொழைச்சேன்ல" என்று அவரே சொல்லிக்கொண்டு இறங்கினார்.

அவனுக்குக் காசநோய் வந்திருந்தது. வேலி போன நிலம். ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தான். பொண்டாட்டிக்கு மறுபடியும் மறுபடியும் டெஸ்ட் எடுத்தார்கள், நல்லவேளை, அவளுக்கு வரவில்லை. பிறகு மாத்திரைக்காக மாதாமாதம் வர ஆரம்பித்தான். அவன் ஏறும் நிறுத்தம் அக்காவுடையதற்கு முன்னால். ஏறியதும் அந்த சீட்டில் உட்காருவான், கண்ணை மூடி ஜன்னலில் சாய்ந்துகொள்வான். அக்கா ஏறுவார், அவனைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்காருவார். இடமில்லையென்றால் நிற்பார். எனக்கு அது பிடிக்கவே இல்லை. அந்த அக்கா வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்க்க என்னால் ஆகவில்லை. திட்டுங்களேன் என்று கெஞ்சத் தோன்றும்.

அப்படிச் சில மாதங்கள் போயின. ஒரு நாள் காலையில் அக்கா ஏறினார். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். காதில் எதையோ மாட்டிக்கொண்டு போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். சட்டை தோளில் பொருந்தியிருந்தது. கன்னத்தில் சதை வைத்திருந்தது. பின்சீட்டில் அவன் பொண்டாட்டி மடியில் குழந்தை ஜன்னல் கம்பியைச் சப்பிக்கொண்டிருந்தது. அக்கா அவனைத் தலையிலிருந்து கால்வரை நின்று பார்த்தார். பொருள் வாங்கும் முன் பார்க்கிற பார்வை. அப்புறம் அவன் காதிலிருந்ததைப் பிடுங்கினார்.

"டேய். எழுந்துரு. என் சீட்டு."

அவன் எழுந்தான். பொண்டாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கையிலிருந்த விசிலை ஊதிவிட்டேன். டிரைவர் நடுரோட்டில் சடாரென்று பிரேக் போட்டு, "இன்னாய்யா ஆச்சு? யாரு எறங்கறது?" என்று திரும்பிப் பார்த்தார்.

யாரும் இறங்கவில்லை என்று சொல்லி ரெண்டு விசில் கொடுத்தேன்.